ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா நல்ல கார்?

"பழைய காரா? அதுவும் வேகமாகப் போகிற காரா? அதையா தினமும் ஆபீஸுக்கு ஓட்டப் போகிறீர்கள்?" எங்கள் வட்டத்தில் யாரேனும் தம்முடைய உயரமான எஸ்.யு.வி.யை விற்றுவிட்டு, கைமாறிய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஒன்றையோ அபார்த் புன்டோ ஒன்றையோ வாங்கும்போது உற்றாரும் நண்பர்களும் தவறாமல் கேட்கிற கேள்விகள் இவை. பழையது என்றால் அடுத்தவர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது. வேகமானது என்றால் வயதுக்குப் பொருந்தாத விடலைத்தனம். நல்லதைத் தினசரி ஓட்டுவது என்றால் விரயம். இம்மூன்று தீர்ப்புகளையும் நாங்கள் மறுக்கிறோம். அவற்றுள் மூன்றாவதுதான் மற்ற இரண்டுக்கும் வேர் என்று கருதுவதால் அதைச் சற்று விரிவாகவே மறுக்க விரும்புகிறோம்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் காருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ரசனை என்பது புத்தக அலமாரியோடு முடிந்துவிடுகிற சமாச்சாரம் அல்ல என்பதே எங்கள் பதில். நாள்தோறும் கையால் தொட்டுப் புழங்கும் பொருள்களில் நமக்கு எந்த மதிப்பீடும் இல்லையென்றால், மாதம் ஒருமுறை கூட்டத்தில் பேசுகிற மதிப்பீடுகளை யார் நம்புவார்கள்?

முதலில் வரலாறு. வேகமான சிறிய கார் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொம்மை அன்று. 1956-இன் சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குறைந்த எரிபொருளில் நான்கு பேரைச் சுமக்கும் வண்டி வேண்டும் என்ற தேவையிலிருந்து அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்ததே 1959-இல் வந்த மினி. அந்தச் சிக்கனக் காரைத்தான் பந்தயக் கார் செய்பவரான ஜான் கூப்பர் கையிலெடுத்தார். 1961-இல் மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. காய்கறிப் பை ஏற்றிச் செல்லப் பிறந்த வண்டி, தன்னைவிடப் பெரிய எஞ்சின்களை மலைப்பாதைகளில் பின்னுக்குத் தள்ளியது.

அடுத்த கட்டம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., அடிப்படையில் ஒரு குடும்பக் கார். ஏறத்தாழ 810 கிலோ எடை, 110 குதிரைசக்தி, மடக்கிப் போடக்கூடிய பின்னிருக்கை, சாமான் வைக்கக் கதவு. ஐயாயிரம் வண்டிகள் விற்றால் போதும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றது. கட்டம் போட்ட இருக்கைத் துணியும் கோல்ஃப் பந்து வடிவக் கியர் குமிழும் குன்ஹில்ட் லில்ஜெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனைகள். அந்தக் கார் வாங்கியவர்கள் அதில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார்கள், வேலைக்குப் போனார்கள், விடுமுறையில் ஆல்ப்ஸ் மலைப்பாதையையும் ஏறினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கார் என்பதுதான் இந்த வகைமையின் இலக்கணம். அன்றாடத்திலிருந்து பிரித்துவிட்டால் இந்த வகைமைக்கு அர்த்தமே இல்லை. ஆகவே "இதையா தினமும்?" என்று கேட்பவர், தோசைக்கல்லைப் பார்த்து "இதிலா தோசை?" என்று கேட்கிறார்.

சரி, ஏன் பழையது? இந்தியாவின் கதையைப் பார்க்க வேண்டும். சாதாரண வருமானக்காரருக்கும் எட்டக்கூடிய விலையில் இவ்வகைக் கார்கள் இங்கே வந்துபோன காலம் மிகக் குறுகியது. 2013-இல் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 105 குதிரைசக்தியும் கொண்ட போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வந்தது. 2015-இல் பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் 145 குதிரைசக்தியோடு அபார்த் புன்டோ வந்தது. 2017-இல் பலேனோ ஆர்.எஸ். வந்தது. வாங்குவோர் குறைவு என்ற காரணத்தாலும் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 மாசு விதிகளாலும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. போலோவும் 2022-இல் முடிந்தது. 2021-இல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஐ20 என் லைன், 2024-இல் வந்த ஆல்ட்ரோஸ் ரேஸர் ஆகியவற்றை விலக்குகளாகச் சொல்லலாம்; 120 குதிரைசக்தியோடு அவையும் நின்றுவிட்டன. 2025-இல் கோல்ஃப் ஜி.டி.ஐ. இங்கே வந்ததே என்பார்கள். வந்தது, இறக்குமதியாக, ஏறத்தாழ 53 லட்சம் ரூபாய்க்கு. மக்கள் கார் என்று பொருள்படும் பெயர் கொண்ட நிறுவனத்தின் கார், சென்னைப் புறநகர் ஃபிளாட்டின் விலைக்கு! ஆக, நம் போன்றவர்களுக்குப் பழைய காரைத் தவிர இந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

இப்படி ஆனதற்கு வாங்குவோரின் ரசனை மட்டும் காரணமல்ல. 2006 பட்ஜெட்டில் சிறிய காருக்கு வரிச்சலுகை தந்தபோது அரசு ஒரு வரையறை வைத்தது. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500 சி.சி.க்குள். அந்த வரையறை இன்றும் வாழ்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்குள் அடங்குவனவற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., மீறுவனவற்றுக்கு 40 சதவீதம். இந்த அளவுகோல் நீளத்தை அளக்கிறது, எஞ்சினை அளக்கிறது. உயரத்தையும் எடையையும் கேட்பதே இல்லை. விளைவு என்ன? மூக்கையும் வாலையும் நறுக்கி, மேல்நோக்கி வளர்த்த வண்டிகள் "சிறிய கார்" என்ற பெயரில் தெருவை நிறைத்தன. 1.4 லிட்டர் எஞ்சின் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக அபார்த் புன்டோ "பெரிய கார்" ஆயிற்று. சிறுமையும் பெருமையும் இப்படித் தலைகீழான நாட்டில் உயரம் அந்தஸ்தாக மாறியதில் வியப்பில்லை.

அந்த உயரத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கடுமையான புகார் உண்டு. உயரே உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது, பாதுகாப்பாக இருக்கிறது என்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாற்பது அங்குலத்துக்கு மேல் பானெட் உயரம் கொண்ட வண்டி நடந்து செல்பவர்மீது மோதினால், முப்பது அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிவாகவும் அமைந்த வண்டியைவிட அவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்கிறது. முன்னால் ஒருவர் உயர்ந்த வண்டி வாங்கினால் பின்னால் வருபவருக்குச் சாலை மறைகிறது. அவரும் உயர்ந்ததை வாங்குகிறார். நடைபாதையே இல்லாத நம் தெருக்களில் நடக்கும் கிழவியையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் இந்தப் போட்டியில் யார் கணக்கில் எடுக்கிறார்கள்? மழைக்காலத்தில் வேளச்சேரியில் தேங்கும் தண்ணீரைச் சுட்டிக்காட்டி எங்களை மடக்குவார்கள். ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சில நாட்களில் எங்கள் கார் வீட்டில் நிற்கும், நாங்கள் ரயிலில் போவோம்.

இனி எங்களுக்கு எதிரான வாதங்களில் வலுவானதற்கு வருவோம். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி அதிவேகத்தின் தலையில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் வேகமான காரைப் புகழ்வது பொறுப்பின்மை ஆகாதா? ஆகும், வேகத்தைப் புகழ்ந்தால். நாங்கள் புகழ்வது வேறொன்றை. 105 குதிரைசக்தி இன்று யாரையும் மிரட்டும் எண் அல்ல. பல சாதுவான குடும்ப வண்டிகளில் அதற்கு மேலேயே இருக்கிறது. நல்ல ஹேட்ச்பேக்கின் தனிச்சிறப்பு, ஸ்டியரிங்கில் கை சொன்னது சக்கரத்துக்கு உடனே எட்டுவதும், பிரேக்கை மிதித்த இடத்தில் வண்டி நிற்பதும், வளைவில் உடல் சாயாமல் திரும்புவதும்தான். இவை நாற்பது கிலோமீட்டர் வேகத்திலும் கிடைக்கும் இன்பங்கள். எடை குறைந்த, தாழ்ந்த வண்டியில் வேகம் உடம்புக்குத் தெரியும், ஆகவே கால் தானாகத் தளரும். ஓசையும் அதிர்வும் எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நூற்றிருபதும் அறுபதாகவே தெரியும்.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் காரை வாங்கி நள்ளிரவில் ஈ.சி.ஆரில் பறக்கிறவருக்கு எங்கள் ஆதரவு கிடையாது. வேகம் வேண்டுவோருக்குத் தமிழகத்திலேயே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகையை உருவாக்கிய கரிவரதன் பிறந்த மண் இது. சின்ன எஞ்சினின் மரியாதையை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டனில் எண்பதுகளின் இறுதியில் இவ்வகைக் கார்களைத் திருடியும் தாறுமாறாக ஓட்டியும் சிலர் செய்த அட்டகாசத்தால் காப்பீட்டுக் கட்டணம் கண்டபடி ஏறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சந்தையே சரிந்தது. ஒரு நல்ல பொருளைக் கொல்ல அதன் எதிரிகள் தேவையில்லை.

எதிரிகளைவிடப் பக்தர்கள்மீது எங்களுக்குக் கோபம் அதிகம். 2016-இல் 192 குதிரைசக்தியோடு போலோ ஜி.டி.ஐ. இறக்குமதியானது, இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை 99 மட்டுமே. இத்தகைய கார்களை வாங்கி உறைபோட்டு மூடி, மாதம் ஒருமுறை துடைத்து, விலை ஏறும் என்று காத்திருப்போர் உண்டு. விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பீங்கான் கோப்பைகள் ஷோகேஸிலேயே இருக்க, ஆயுள் முழுதும் நெளிந்த டம்ளரில் காப்பி குடிக்கிற பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. பீரோவில் மடித்தே வைத்த பட்டுப்புடவை மடிப்பில்தான் இற்றுப்போகும். ஓடாத காரும் அப்படியே. டயர் இறுகும், பெட்ரோல் கெடும், பாட்டரி சாகும், ரப்பர்கள் வெடிக்கும். நூலகத்தில் பூட்டி வைத்த முதற்பதிப்பை யாரும் வாசிப்பதில்லை. கைமாறி, அட்டை கிழிந்து, ஓரத்தில் பென்சில் குறிப்போடு வரும் பிரதிதான் வாசிக்கப்படுகிறது.

அதற்காகப் பழைய கார் வாங்குவது பூப்பறிப்பது போல என்று பொய் சொல்ல மாட்டோம். உலர் கிளட்ச் வகை இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, ஊர்ந்து செல்லும் நகர நெரிசலில் தேய்ந்து சூடேறும். அதைப் பழுதுபார்க்கும் செலவு பெரிது. முந்தைய உரிமையாளர் எஞ்சின் கணினியின் நிரலை மாற்றிக் கூடுதல் சக்தி பிழிந்திருக்கலாம். ஆகவே சர்வீஸ் பதிவேடு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். நான்கு டயர்களும் நான்கு கதை சொன்னால் விலகி வாருங்கள். புரோக்கர் அழைத்துப் போகும் மெக்கானிக்கிடம் காட்டாமல், நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கடன் பாக்கி இருந்ததா, வங்கியின் படிவம் 35 வந்ததா என்று பார்த்த பிறகே படிவம் 29, 30-இல் கையெழுத்து. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியே வையுங்கள். மைலேஜ், நெரிசலில் பத்தைத் தாண்டினால் மகிழ்ச்சி.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. இந்தக் கார்களோ அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. 2013-இல் பதிவான கார் 2028-இல் பதிவைப் புதுப்பிக்கப் போக வேண்டும். அந்தக் கட்டணத்தை 2022-லேயே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். சாலையில் இருப்பவை ஆண்டுதோறும் குறையும், புதியவை வரப்போவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இப்போதே சொல்கிறோம். வாழ்நாளில் பெரும்பகுதியை நாம் செலவழிப்பது அலுவலகத்துக்கும் மளிகைக்கடைக்கும் இடையில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் அல்ல. அந்தப் பெரும்பகுதிக்கு மட்டமானது போதும் என்று முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் சிறுபொழுதுக்காக நல்லதைப் பூட்டி வைப்பதற்குச் சிக்கனம் என்று பெயரிடாதீர்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் கையில் இந்தக் கார்கள் தேய்ந்தே தீரட்டும்.