கரகரப்பு என்கிற குற்றம்

சாம் குக்கின் இரண்டு மேடைப் பதிவுகளைத் தோழர்கள் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஒன்று, 1963 ஜனவரியில் மியாமி நகரத்துக் கறுப்பர் குடியிருப்பான ஓவர்டவுனில், ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியது. மற்றது, 1964 ஜூலையில் நியூயார்க் கோபகபானாவில், வெள்ளைக் கனவான்கள் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கும் விடுதியில் பாடியது.

கோபகபானா பதிவு அதே வருஷம் வெளிவந்துவிட்டது. நல்ல பாட்டுதான். ஆனா கோட்டு சூட்டு மாட்டிய பாட்டு. மியாமியில் ஆளே வேற. தொண்டை கரகரக்கிறது. கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார், கூட்டம் திருப்பிக் கத்துது. கிங் கர்டிஸின் சாக்ஸபோன் கூடவே எகிறுது. சர்ச்சில் பாடி வளர்ந்த குரல், தன் சனத்துக்கு நடுவில் கட்டவிழ்கிறது.

இதை ஆர்.சி.ஏ. கம்பெனி 22 வருஷம் வெளியிடவில்லை. குரல் முரடா இருக்காம். வெள்ளையரிடம் விற்ற மென்மையான பிம்பம் கெட்டுப்போகுமாம். 1964 டிசம்பரில் குக் சுட்டுக்கொல்லப்பட்டார். பதிவு வந்தது 1985-இல்.

நமக்கு இது புதுசா? பறையைச் ‘சத்தம்’ என்றும் சபாவில் பாடுவதைச் ‘சங்கீதம்’ என்றும் பிரித்தவர்கள் கையிலும் இதே தராசுதான். மெருகு என்று இவர்கள் சொல்வது, யார் முன்னால் எப்படி அடங்கி நிற்கணும் என்கிற சட்டம். அதனால் என் ஓட்டு மியாமிக்கே.

நம் கலைவிழாக்களைப் பதிவு செய்யும் தோழர்களே, சனத்தின் விசிலையும் குலவையையும் வெட்டி எறியாதீர்கள். அதுவும் பாட்டுதான்.