கைப்பிடியும் கந்தைத் துணியும்

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மி நகரலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மோட்டார் வண்டிக் கதவின் யன்னற் கைப்பிடி அடிக்கு நகராது, உடைந்து போகும். இந்த உண்மையைச் சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிலாபத்திலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல். கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் கையாற் சுழற்றும் பிடி உடையது. பொத்தானை அழுத்திப் பழகிய என் மாணவர் சிலர் அதனை நூதனசாலைப் பொருளைப் போலப் பார்ப்பதுண்டு. ஆயினும் நம் நாட்டிற் பழைய வண்டியைப் பேணுவது வெறும் ஆசையன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுக் காலத்தில் உள்ளதைக் காத்துக்கொண்டவனே கெட்டிக்காரன். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் வகை வண்டிகளை இன்றும் நம் தெருக்களிற் காண்கிறோம் என்றால், பழுதுபார்க்கும் கைகள் இங்கே ஓயவில்லை என்பதே பொருள்.

அன்று நடந்தது இதுதான். மறுநாள் விடியற்காலையில் என் தாயாரைக் கொழும்பிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். ஏறக்குறைய 80 கிலோமீற்றர் பயணம். வானமோ இருண்டு நின்றது. அம்மா அமரும் பக்கத்துக் கண்ணாடி பாதியில் இறங்கி நின்றுவிட்டது. கைப்பிடி சுழன்றது, கண்ணாடி அசையவில்லை. நெஞ்சில் சளியோடு இருக்கும் முதியவரை மழைச்சாரலில் எவ்வாறு இருத்திச் செல்வது?

கதவைத் திறந்து பார்ப்பதெனத் துணிந்தேன். அதற்கு முதலிற் கைப்பிடியைக் கழற்றவேண்டும். எங்கு தேடியும் அதில் ஒரு திருகாணி இல்லை. திருப்புளியை அடியிற் செருகி நெம்பினேன். ‘சடக்’ என்று ஓர் ஓசை. கதவின் உட்பலகையில் ஒரு கீறல் விழுந்தது.

மின்சூள் பிடித்துக்கொண்டு நின்ற என் மகன், “அப்பா, பின்னால் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலிற் பார்ப்போமா?” என்றான்.

“நீ வெளிச்சத்தைப் பிடி, அது போதும்” என்றேன்.

சற்று நேரத்தில் அடுத்த வீட்டுப் பெரியவர் வேலியோரமாக வந்தார். பஸ் பணிமனை ஒன்றிற் பல்லாண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார், கீறலையும் பார்த்தார். “மாஸ்டர், பின்னால் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தீர்களா?” என்று வினவினார். மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

பெரியவர் இரண்டு விரல்களால் உட்பலகையை அமுக்கினார். கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சிறு வெளி தோன்றியது. அதனுள்ளே மெல்லிய கம்பியொன்று மின்னியது. குதிரை லாடம் போல வளைந்த வில்கம்பி அது. அவர் விளக்கினார்: சில வண்டிகளில் திருகாணி இருக்கும், சிலவற்றில் அது ஒரு மூடிக்குள் மறைந்திருக்கும். பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில், பின்னாலுள்ள வளையத்தை உள்ளே அமுக்கினால் குறுக்கே செருகிய ஆணி தெரியும். நமது வண்டியில் இருப்பது இந்த லாடக் கம்பி.

“ஒரு பழந்துணி தாருங்கள்” என்றார். என் மனைவி பழைய பருத்திச் சேலையில் ஒரு நாடாவளவு கிழித்துக் கொடுத்தார். அதனைக் கைப்பிடியின் பின்னே நுழைத்து, இரு தலைப்பையும் பற்றி, முதுகு துடைப்பதுபோல இங்குமங்கும் இழுத்தார். கம்பியின் முனைகள் துணியிற் சிக்கின. அடுத்த கணம் கம்பி தெறித்து வெளியே வந்தது. கண்ணிற் படாதிருக்கவும் தொலையாதிருக்கவும் மறுகையை முன்னரே அணைத்து வைத்திருந்தார். கைப்பிடி பூப்போலக் கழன்றது. அரை நிமிடமும் ஆகவில்லை.

கைதாங்கியின் திருகாணிகளை அகற்றி, பலகையை மெல்லப் பெயர்த்ததும், அதன் பின்னே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கவனமாக உரித்தார். பலர் இதனைக் குப்பையென்று எறிந்துவிடுவார்களாம். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமற் காப்பது இத்தாளே. கண்ணாடியின் ஓரமாக உள்ளே செல்லும் நீர், கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேற வேண்டும். எங்கள் கதவில் அத்துளைகள் கடற்கரை மணலால் அடைபட்டிருந்தன. தேங்கிய நீரோடு உப்புக்காற்றும் சேர்ந்து துருவை வளர்த்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கும் சிறு உருளை துருப்பிடித்து, தன் தடத்தை விட்டு நழுவியிருந்தது.

அங்கே இன்னொரு விந்தையையும் காட்டினார். கைப்பிடி கண்ணாடியை நகர்த்தும். ஆனால் கண்ணாடியின் பாரம் கைப்பிடியை நகர்த்தாது. அச்சைச் சுற்றியுள்ள ஒரு சுருள்வில், மேலிருந்து பாரம் வந்தால் விரிந்து தன் கூட்டை இறுகப் பற்றும். கைப்பிடியாற் சுழற்றினாற் சுருங்கி வழிவிடும். இதனாலேயே பாதியில் நிறுத்திய கண்ணாடி தானே இறங்குவதில்லை.

உருளையைத் தடத்தில் ஏற்றி, துருவைச் சுரண்டி, கிறீஸ் பூசி, துளைகளைக் குச்சியாற் குத்தித் திறந்தோம். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. தாளும் பலகையும் தத்தம் இடத்திற் சேர்ந்தன.

கைப்பிடியை மாட்டும் வேளை வந்தது. பெரியவர் அதனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மகனிடம் கொடுத்தேன். லாடக் கம்பியை முதலிற் கைப்பிடியின் பள்ளத்திற் செருகினான். கண்ணாடியை மூடிய நிலையில் அடுத்த கதவின் பிடி எந்தப் பக்கம் நோக்கியிருந்ததோ, அவ்வாறே இதனையும் அச்சின் பற்களிற் பொருத்தினான். உள்ளங்கையால் ஒரே தட்டு. ‘கிளிக்’ என்று கம்பி பற்றிக்கொண்டது.

“நீ கேட்டதே சரியான கேள்வி” என்று அவனிடம் சொன்னேன். அதைச் சொல்வதற்குக் கைப்பிடியைக் கழற்றுவதைவிடச் சற்று அதிக நேரம் பிடித்தது. வகுப்பறையில் “கேள்வி கேளுங்கள்” என்று இருபதாண்டாகச் சொல்லிவரும் நான், வீட்டு முற்றத்தில் ஒரு கேள்வியை அடக்கிவிட்டேன். பலகையிலுள்ள கீறல் இன்னும் இருக்கிறது. அதனை மாற்றும் எண்ணம் எனக்கில்லை.

மறுநாள் மழையிற் புறப்பட்டோம். அம்மா ஒரு துளியும் நனையவில்லை. மாதம்பையைத் தாண்டியதும் மழை விட்டது. அம்மா தாமே கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, ஈர மண்ணின் மணத்தை முகர்ந்தார்.

“நன்றாகச் சுற்றுகிறதே, யார் செய்தது?” என்று கேட்டார்.

“உங்கள் பேரன்” என்றேன்.