கணக்குக் கேட்பது குற்றமா?



"அரசியலா? நமக்கு எதுக்குப்பா அதெல்லாம்? அரியர் இல்லாம வெளியே போனா போதும்!" நம் கேண்டீனில் தினமும் காதில் விழுகிற வசனம் இது. நானும் இதே கட்சியில்தான் இருந்தேன். அரசியல் என்றால் கொடி, கோஷம், கட்அவுட், மைக் செட் என்றுதான் நினைப்பு. போன ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர் கிராம சபைக்குப் போன பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது.

எங்கள் தெருவில் சிமென்ட் ரோடு போட்டார்கள். தெருமுனைப் பலகையில் நீளம் 120 மீட்டர் என்று எழுதியிருந்தது. சிவில் படிக்கிற கை சும்மா இருக்குமா? தம்பியை ஒரு முனையில் நிறுத்தி டேப் பிடித்தேன். 104 மீட்டர்தான் வந்தது. மறுபடி அளந்தேன். அதே 104! மீதி 16 மீட்டர் எங்கே? "முழுங்கிட்டாங்க" என்று டீக்கடையில் எல்லோரும் பேசினார்கள். கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"வேணாம்மா. நாம கூலிக்குப் போற சனம். நாளைக்கு அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்" என்றார் அப்பா. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேலவளவு ஊராட்சியில் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு ஜெயித்த ஒரே காரணத்துக்காக, முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இருந்தவர்களும் பலியானார்கள். அப்பாவின் பயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஆனாலும் எழுந்து கேட்டேன். கால் நடுங்கியது. "தெரு 104 மீட்டர்தான் வருது சார், 120-ன்னு எப்படிப் போட்டீங்க?" கூட்டம் அமைதியாகிவிட்டது. அளவுப் புத்தகம் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். பத்து நாள் கழித்து ஓவர்சியர் வந்தார். தெருவே கூடி நிற்க, டேப் போட்டார். தெருவில் 104. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற சந்தில் 16. மொத்தம் 120. கணக்கு சரி!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சந்தை அளக்காமல் விட்டது என் தப்பு. ஆனால் அந்த ஓவர்சியர் சொன்னார்: "நீ கேட்டது நல்லதும்மா. கேட்காம இருந்திருந்தா, இந்த ரோடு இருக்கிற வரைக்கும் உங்க தெருவுக்கு நான் திருடன்தான்."

நண்பர்களே, கணக்குக் கேட்பது வேறு, திருட்டுப் பட்டம் கட்டுவது வேறு. டீக்கடையில் பட்டம் கட்டினோம், சபையில் கணக்குக் கேட்டோம். உண்மை வெளியே வந்தது சபையில்தான்!

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? அரசு, அரசாங்கம் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறோம். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை நான்கும் சேர்ந்தால்தான் அரசு. அதில் அரசாங்கம் ஒரு பகுதி. காரியம் நடக்க நாம் வைத்திருக்கும் ஏற்பாடு. ஹாஸ்டல் மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெஸ் கமிட்டி வருஷா வருஷம் மாறும், மெஸ் அப்படியே இருக்கும். சாம்பார் ஏன் தண்ணியா இருக்கு என்று கமிட்டியைக் கேட்பவன் மெஸ்ஸுக்கு விரோதியா? அவனும் காசு கட்டித்தானே சாப்பிடுகிறான்! நாட்டிலும் அப்படித்தான். எங்கள் பாட்டி வாங்குகிற சோப்பிலும் வரி இருக்கிறது. ரோடு யாரோ போட்ட பிச்சை அல்ல.

சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நமக்காக ஒருவரை அனுப்புகிறோம். அது பிரதிநிதித்துவ ஜனநாயகம். கிராம சபையில் நாமே உட்காருகிறோம். அது நேரடி ஜனநாயகம். 1993 ஏப்ரல் 24-இல் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் வருட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த உரிமை இது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். சிபாரிசு வேண்டாம், சொத்து வேண்டாம்.

சொத்து என்றதும் ஞாபகம் வருகிறது. பட்டிமன்ற மேடைகளில் உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லி மார்தட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்கிறது அது. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அதே கல்வெட்டு, வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும் என்றும் சொல்கிறது. கூலிக்காரரான என் அப்பாவுக்கு அங்கே இடமில்லை. எனக்கும் இல்லை. இன்று எங்கள் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. 1989-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்ததால், இந்த வருஷமே எனக்கு அது கிடைத்தது. கிடைத்த நாற்காலியில் உட்காராமல் இருந்தால் யார் மேல் தப்பு?

கிராம சபைக்குப் போக முடியாதவர்கள் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பயன்படுத்தலாம். பத்து ரூபாய் கட்டணம், பொதுவாக 30 நாளில் பதில். நம் கேண்டீனில் ஒரு நாள் டீ, வடைக்கு ஆகிற காசு!

டவுனில் இருக்கும் நண்பர்கள், "எங்களுக்குக் கிராம சபை இல்லையே, நாங்க எங்கே போறது?" என்று கேட்கலாம். வெளியே தேட வேண்டாம், இங்கேயே ஆரம்பிப்போம். நாம் எல்லோரும் பேரவைக் கட்டணம் கட்டுகிறோம். விளையாட்டு விழா, கலைவிழா, ஆண்டு மலர் என்று நம் பேரவை நன்றாகவே நடக்கிறது. பொறுப்பாளர்கள் எல்லோரும் என் நண்பர்கள்தான். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன்: வரவு செலவை வருஷத்துக்கு ஒரு முறை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஒட்டினால் பேரவையின் மானம் உயருமே தவிர, குறையாது.

முதலில் இந்த மலரிலிருந்தே தொடங்கலாமே? அச்சடிக்க எவ்வளவு ஆச்சு, விளம்பரத்தில் எவ்வளவு வந்தது? கடைசிப் பக்கத்தில் நாலு வரி இடம் இருக்காதா?

— மாணவி, இறுதியாண்டு, சிவில்