விற்பனை வரியும் வேண்டும், சாராயக் காசும் வேண்டுமா?

பகல் 12 மணிக்கு அரசின் டாஸ்மாக் மதுக்கடைக் கதவு திறக்கிறது. ஆரணியில் விடிகாலையிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு மிதித்தவர், சேலையை அறுத்து முதலாளி வீட்டில் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வருகிறார். வீட்டில் மனைவி தார் சுற்றிக்கொண்டிருப்பார். அதற்குத் தனிக் கூலி இல்லை. சேலைக் கூலியிலேயே அதுவும் அடக்கம். ஆகவே கடையில் கரைவது மனைவியின் உழைப்பும்தான். அரசின் கணக்கில் அதற்குப் பெயர் வருவாய்.

இந்தக் கணக்கை எழுதத் தொடங்கியவன் வெள்ளைக்காரன். 1886-ம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கடைகள் ஏலத்துக்குப் போயின; கூடுதலாகக் கேட்டவருக்குக் கடை. பனைக்கும் தென்னைக்கும் மரவரி. வரி கட்டாத மரத்தில் கலயம் கட்டினால் குற்றம். குடியைக் குறைப்பதே நோக்கம் என்று சொல்லிக்கொண்டே, மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால்வாசியை அதிலிருந்து எடுத்தார்கள்.

ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஆரணியை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காட்டுக்கு 1939-ல் அது வந்தது. கஜானாவில் விழும் ஓட்டையை அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டு பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். வணிகர்கள் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. சாராயக் காசுக்கு மாற்றாக வந்த வரி அது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது, திரும்ப வந்தது, மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது; 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. மாற்றாக வந்த வரியோ போகவே இல்லை. இன்று அது ஜிஎஸ்டி. பட்டுச்சேலைக்கு 5 சதவீதம். இன்னொரு பக்கம், மதுவால் 2024-25-ல் வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். கடைகள் நடப்பதோ இன்றும் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்!

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. கள்ளச்சாராயத்தைத் தடுப்பது காவல்துறையின் வேலை, கல்லாப்பெட்டியின் வேலை அல்ல.

நாளைக்கே முழு மதுவிலக்கு என்று நாம் கேட்கவில்லை. மது வருவாய் மாநில வருமானத்தில் இத்தனை பங்கைத் தாண்டக் கூடாது, அந்தப் பங்கும் ஆண்டுதோறும் இறங்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். ஈடுகட்டும் பணம் எங்கிருந்து வரும் என்பதை, 1939-ல் செய்ததுபோல், நிதியமைச்சர் பேரவையில் எழுந்து சொல்லட்டும். கூலி நாளில் ஆரணித் தறிக்காரர் நடந்து வரும் வழியில் இருக்கும் கடைகளிலிருந்து மூடத் தொடங்கலாம்.