காரைக்குடி அறிந்த இன்ஜின்

இந்திய அகலப்பாதையில் டீசல் ஷன்டிங் இன்ஜின்களின் கதை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் தொடங்குகிறது. 1944-45இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்த 386 குதிரைத்திறன் இன்ஜின்களே டபிள்யூ.டி.எஸ்-1 என்ற முதல் வகை. யார்டில் இவற்றின் தேவை எளிதில் விளங்கும். நீராவி இன்ஜின் நான்கு பெட்டிகளைத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றாலும் கொதிகலனுக்குக் கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டீசலை அணைத்துவிடலாம்.

அடுத்து ஜெர்மனியிலிருந்து 1954-55இல் கிராஸ்-மாஃபையின் 440 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எஸ்-2, 1961இல் மேக் நிறுவனத்தின் 618 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எஸ்-3 என வெளிநாட்டு இன்ஜின்கள் வந்தன.

திருப்பம் சித்தரஞ்சனில் நிகழ்ந்தது. நீராவி இன்ஜின் கட்டிய அந்தத் தொழிற்சாலை 1960களின் பிற்பகுதியில் டபிள்யூ.டி.எஸ்-4 தயாரிப்பைத் தொடங்கியது. மேக் வடிவமைப்பில் ஆறு சிலிண்டர் இன்ஜின், சுமார் 60 டன் எடை, மூன்று அச்சுகள். அருகில் நின்று பார்த்தால் இதன் தனித்தன்மை தெரியும்: டீசல் இன்ஜின்தான், ஆனால் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டுகள் நீராவி இன்ஜினில் போலவே மேலும் கீழுமாகச் சுழலும். 4ஏ, 4பி, 4டி என்று திருத்தங்கள் தொடர்ந்தன. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டபிள்யூ.டி.எஸ்-3 இன்ஜின்களே பின்னர் மாற்றிக் கட்டப்பட்டு 4சி ஆயின.

அந்தத் தண்டுகளுக்குச் சக்தியைக் கொண்டுசேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. டீசல் இன்ஜினின் சுழற்சியை நேராகச் சக்கரத்துக்குக் கொடுத்தால், நிற்கும் வண்டியைக் கிளப்பும்போதே இன்ஜின் திணறி நின்றுவிடும். இடையில் எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். ஆனால் வேகம் கூடிய பிறகு அதில் சக்தி வீணாகும். தொடக்கத்தில் எண்ணெய் வழியாகவும், வேகம் எடுத்தபின் இயந்திர இணைப்பு வழியாகவும் சக்தியைச் செலுத்தும் முறையை ரயில்வே பொறியாளர் மன்மோகன் சூரி உருவாக்கினார். 1962ஆம் ஆண்டுக்கான பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது. இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய பெயர் அது.

ஆனால் நீண்ட சரக்கு ரயில்களுக்கு டபிள்யூ.டி.எஸ்-4 வரிசையின் அதிகபட்ச 700 குதிரைத்திறன் போதவில்லை. 1975இல் வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலை டபிள்யூ.டி.எஸ்-6ஐக் கொண்டுவந்தது. எடை 126 டன், ஆறு அச்சு. இதில் எண்ணெய்க்குப் பதில் மின்சாரம்: இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் அச்சுகளிலுள்ள மோட்டார்கள் ஓடும்.

செட்டிநாட்டுக்கு இந்த வகை அந்நியமல்ல. அதன் உள்ளே இருப்பது ஆல்கோ 251-டி, வரிசையாக ஆறு சிலிண்டர். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்-4இலும் அதே இன்ஜின்தான். திருச்சி-மானாமதுரைப் பாதை அகலமாகும் வரையிலும், திருவாரூர்ப் பாதையில் 2012 வரையிலும் காரைக்குடி ஸ்டேஷனில் உறுமியது அதுவே. ஏற்கெனவே கைப்பழக்கமான இன்ஜினைத் தேர்ந்ததால் உதிரிபாகத்துக்கும் பயிற்சிக்கும் புதிதாக அலைய வேண்டியிருக்கவில்லை. டபிள்யூ.டி.எஸ்-6 நிலைத்ததற்கு அதன் குதிரைத்திறனைவிட இந்த முடிவே பெரிய காரணம்.

சித்தரஞ்சன் 1990களின் தொடக்கத்தில் டீசல் தயாரிப்பை நிறுத்திவிட்டு மின்சார இன்ஜின்களில் மட்டும் கவனம் செலுத்தியது. வாரணாசித் தொழிற்சாலையின் பெயர் 2020இல் பனாரஸ் இன்ஜின் தொழிற்சாலை என்று மாறியது. அங்கும் இப்போது மின்சார இன்ஜின்களே முதன்மை.