அட்டையை நீட்டியவரும் பெற்றுக்கொண்டவரும்

'பிரச்சாரம் கலையாகாது' என்பது சொல்ல எளிதான தீர்ப்பு. அமெரிக்க நிகழ்த்துகலைஞர் ஏட்ரியன் பைப்பரைப் பற்றிய பேச்சு எழும்போதும் இத்தீர்ப்பு ஏதேனும் ஒரு வடிவில் வந்து நிற்கிறது. வெள்ளையரிடம் குற்ற உணர்வைத் தூண்டுகிறார், இதில் கலை எங்கே என்கிறார்கள். கேட்பவர்கள் அவருடைய படைப்புகளைக் கூர்ந்து கவனித்தார்களா என்பதே என் ஐயம்.

1948இல் நியூயார்க்கில் பிறந்த பைப்பர், ஹார்வர்டில் ஜான் ரால்ஸிடம் பயின்று 1981இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். காண்ட் குறித்து விரிவாக எழுதியவர். கறுப்பினத்தவரான அவரைப் பலரும் வெள்ளையர் என்றே எண்ணிவிடுவார்கள். அவருடைய தோல்நிறம் அப்படி. விளைவு, விருந்துகளில் அவர் காதுபடவே இனவெறிப் பேச்சுகள் தடையின்றி நடக்கும்.

1986 முதல் அவர் ஒரு விசிட்டிங் கார்டைக் கையோடு வைத்திருந்தார். அத்தகைய பேச்சு எழுந்ததும் பேசியவரிடம் அதை நீட்டுவார். நான் கறுப்பினத்தவள், நீங்கள் அதை அறியாமல் பேசினீர்கள் என்பது அதன் சாரம். மதுக்கூடத்தில் தனியே அமர்ந்திருக்கையில் நெருங்கிவரும் ஆண்களுக்கு இன்னொரு அட்டை: நான் தனியாக இருக்க விரும்பியே இங்கு தனியாக இருக்கிறேன்.

இதில் பிரச்சாரம் எங்கே? பிரச்சாரம் கூட்டத்தை நோக்கிப் பேசுவது. இந்த அட்டையோ சற்றுமுன் வாய் திறந்த ஒருவரிடம் மட்டும் பேசுகிறது. மௌனம் காத்தால் உடந்தை. குரல் உயர்த்தினால் விருந்தைக் கெடுத்தவள் என்ற பழி. இவ்விரண்டுக்கும் இடையே மேட்டுக்குடி நாகரிகத்தின் சடங்குப் பொருளையே அவர் கருவியாக்கினார். எதிரிலிருப்பவர் அப்படிப் பேசியிராவிட்டால் அட்டை பையை விட்டு வெளியே வந்திராது. அப்படியானால் நிகழ்வைத் தொடங்கிவைத்தவர் யார்? குற்ற உணர்வைத் தூண்டுகிறார் என்ற புகார் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குகிறது.

1988இல் உருவான 'கார்னர்ட்' என்ற படைப்பில் அறையின் மூலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதன் முன் கவிழ்த்த மேசை. திரையில் பைப்பர் நிதானமாகப் பேசுகிறார். சுவரில் அவருடைய தந்தையின் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள். ஒன்று அவரை வெள்ளையர் என்கிறது. மற்றொன்று எட்டில் ஒரு பங்கு கறுப்பினக் குருதி உடையவர் என்கிறது. ஒரே மனிதனுக்கு அரசு இரண்டு இனங்களை எழுதித் தந்திருக்கிறது. இனம் என்பது பதிவேட்டின் கைவேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உங்கள் முன்னோரிலும் கறுப்பினத்தவர் இருக்கக்கூடும், அதை அறிந்தால் என்ன செய்வீர்கள் என்று பார்வையாளரைக் கேட்கிறார். மூலையில் சிக்கியவர் யார் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

பைப்பர் மீது வைக்கத்தக்க கடினமான கேள்வி ஒன்று உண்டு. கலைக்கூடத்துக்கு வருபவர் கண்டனத்தையும் ரசித்துவிட்டுக் கைதட்டிப் போய்விட மாட்டாரா? இந்த ஆபத்து உண்மை. ஆனால் 1970இலேயே வினிகர், பால், முட்டை, மீனெண்ணெய் ஆகியவற்றில் ஊறிய துர்நாற்ற ஆடையுடன், அறிவிப்பேதும் இன்றி நெரிசல் நேரச் சுரங்க ரயிலில் ஏறியவர் அவர். அங்கே கைதட்ட யாரும் சீட்டு வாங்கி வரவில்லை.

2013இல் கறுப்பின நிகழ்த்துகலைக்கென நியூயார்க்கில் நடந்த கண்காட்சியிலிருந்து தம் படைப்பைத் திரும்பப் பெற்றார். பல இனக் கலைஞர்களும் ஒரே தளத்தில் நிற்கும் கண்காட்சியே தேவை என்பது அவர் நிலைப்பாடு. 'நான் கறுப்பினத்தவள்' என்று அட்டை அச்சிட்டவருக்கு இது முரண் என்றார்கள். முரண் ஏதுமில்லை. அன்று விருந்தினர் தம் வசதிக்கேற்ப அவரை வகைப்படுத்தினர். பின்னாளில் அதே வேலையை நிறுவனம் நல்லெண்ணத்தோடு செய்தது. இரண்டையும் அவர் மறுத்தார்.

2015இல் வெனிஸ் பியன்னாலேயில் அவருக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. அங்கு வைக்கப்பட்ட படைப்பில், சொன்னதைச் செய்வேன் என்பது போன்ற உறுதிமொழிகளில் பார்வையாளரே ஒப்பந்தமாகக் கையெழுத்திட வேண்டும். பிரச்சாரகன் கேட்பது நம் ஆமோதிப்பை. பைப்பர் கேட்பது நம் கையெழுத்தை. இந்த வேறுபாடு புலப்படாதவர்கள் கலைக்கும் பிரச்சாரத்துக்கும் எல்லை வகுக்கப் புறப்படுவதுதான் வேடிக்கை.