கணக்குக் கேட்டால் வழக்கா?

எண்ணெய்க் கம்பனிகளுக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் தெரியாது என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். நன்றாகவே தெரியும். புவி சூடாவதை 1977இலேயே எக்ஸொன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் தன் மேலிடத்துக்கு விளக்கிவிட்டார். அவர்களது கணிப்புகளில் 63 முதல் 83 சதவீதமானவை சரி என்று 2023இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது. எங்கள் பிள்ளைகள் எடுத்தால் பாராட்டும் புள்ளி!

அப்படியிருந்தும், 1989இல் தொடங்கிய குளோபல் கிளைமேட் கோஅலிஷன் என்ற கூட்டமைப்பில் சேர்ந்து, விஞ்ஞானம் உறுதியில்லை என்று பேச வைத்தார்கள். கம்பனி பெயரில் பேசினால் கேள்வி வரும். சங்கத்தின் பெயரில் பேசினால் யாரைப் பிடிப்பது? சூட்சுமம் அங்கேதான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஆயிரம் ரூபாவுக்குக் கணக்கில்லை என்றால் நாங்கள் விடுகிறோமா? அவர்களது பங்குதாரர்களும் விடவில்லை. காலநிலை விடயத்தில் அரசிடம் என்ன பேசுகிறீர்கள், அறிக்கை தாருங்கள் என்று 2021இல் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். அதே ஆண்டு அவர்களது அதிகாரி ஒருவர் இரகசியக் கமராவில் சிக்கினார்: காபன் வரியை ஆதரிப்பதே அது நடக்காது என்று தெரிந்துதானாம். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. அது கம்பனியின் நிலைப்பாடு இல்லையாம்.

2024 ஜனவரியில், உமிழ்வைக் குறைக்கும்படி பிரேரணை கொண்டுவந்த பங்குதாரர்கள் மீதே வழக்கு. பிரேரணையை வாபஸ் வாங்கிய பிறகும் விடவில்லை.

ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கும் எண்ணெய்க் கம்பனிகளின் ஆட்கள் வருகிறார்கள். இலங்கையிலிருந்து போகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: இந்த மண்டபத்தில் யாருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?